காலியாக ஓடிய மிக்ஸி

மகனே,

நீ இருக்கும் கடலில் இப்போது வெயிலா இருட்டா என்று எனக்குத் தெரியாது. இங்கே மில்லர்புரத்தில் காலை இட்லி முடிந்து, பியூலா பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் உன் அப்பாவின் படமும்தான். போனில் பேசலாம்தான். ஆனால் போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா, இன்ஜின் ரூமுக்குப் போணும்மா" என்று நாலு வார்த்தையில் முடித்துவிடுவாய். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பேசியே பிழைத்தவளுக்கு நாலு வார்த்தை எந்த மூலைக்கு? அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். வேலை நேரத்தில் ஓட்டமாகப் படிக்காதே. டியூட்டி முடிந்து, குளித்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படி.

பயப்படாதே. பியூலா நன்றாக இருக்கிறாள். எதுவும் கெட்டுப் போகவில்லை. ஆனால் அவள் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை எழுதச் சொன்னதே அவள்தான். "நீங்களே எழுதுங்க அத்தை, எனக்குச் சொல்ல வாய் வரல" என்றாள். அதற்கு நான் வரிசைப்படிதான் வருவேன். நடுவில் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே. நீ சின்ன வயசிலேயே பரீட்சைத் தாளைக் கடைசிக் கேள்வியிலிருந்து பார்க்கிறவன் என்று எனக்குத் தெரியும்.

உன் மனைவிக்கு நாள் தள்ளிப் போயிருப்பது எனக்கு மூன்று வாரமாகத் தெரியும். நீ அவளிடம் "அம்மாகிட்டச் சொல்லிராத" என்று சொன்னதும் தெரியும். எனக்குக் கோபமே வரவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். பொய் எதற்கு? வந்தது. நன்றாகவே வந்தது. கொஞ்ச நாள் கழித்து அது கோபமாக இல்லாமல் வேறு எதுவோ ஆகிப் போனது. தட்டில் போட்ட சோற்றைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். குழாய்தான் காட்டிக் கொடுத்தது. இந்த ஊரில் வளர்ந்தவனுக்குத் தண்ணீரின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடிய தெரு நம் தெரு. குழாய் சும்மா ஓடினால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று உனக்கும் தெரியும், பியூலாவுக்கும் தெரியும். அப்படி இருக்க, ஒரு நாள் காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயை முழுசாகத் திறந்துவிட்டிருந்தாள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டது. ஒரு சத்தம் போடலாம் என்றுதான் கதவருகே போனேன். வாயைத் திறப்பதற்குள், தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. ஓங்கரிக்கிற சத்தம். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று அடக்கி அடக்கி ஓங்கரிக்கிறாள். பாவி மகளே, வாந்தியைக்கூட ஒளித்து எடுக்க வேண்டுமா உனக்கு என்று இருந்தது.

கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. அவளாகச் சொல்லாத ஒன்றில் நானாக முந்திக்கொண்டால் போன தடவை மாதிரி ஆகிவிடும் என்று கை வரவில்லை. அடுக்களைக்கு வந்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் மிக்ஸியைப் போட்டேன். ஜாரில் தேங்காயும் இல்லை, பொரிகடலையும் இல்லை. வெறும் ஜார் வீடு அதிர ஓடியது. கிழவி சட்னி அரைக்கிறாள், ஒன்றும் கேட்காது என்று அவள் நம்பட்டும், அடக்காமல் எடுக்கட்டும் என்றுதான். குழாய் நின்றதும் மிக்ஸியை நிறுத்தினேன். அவள் முகம் கழுவி, பவுடர் போட்டு, "குட்மார்னிங் அத்தை" என்று வந்தாள். நானும் "குட்மார்னிங்" என்றேன். அன்றைக்கு இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வெறும் மிளகாய்ப்பொடிதான். அவ்வளவு நேரம் மிக்ஸி ஓடியதே, சட்னி எங்கே என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த நாளும் குழாய், அடுத்த நாளும் மிக்ஸி. இப்படியே நடந்தது.

மீன் வாங்குவதை நிறுத்தினேன். நம் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் முத்தெடுக்கும் ஊர் என்று பெருமையாகப் பேசுவார்கள். நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து ஒரு முத்தைக்கூடச் சிப்பிக்குள் பார்த்ததில்லை. கருவாட்டு வாடையைத்தான் தினமும் பார்க்கிறேன். காற்று திரும்பினால் உப்பளத்து வாடையும் சேர்ந்துகொள்ளும். நமக்கு அது மூக்கில் ஏறாது. ஆனால் கரு தரித்த முதல் வாரங்களில் ஒரு பெண்ணின் மூக்கு நாய் மூக்கு மாதிரி ஆகிவிடும். ஊளி மீன் குழம்பு என்றால் சட்டியை வழித்துத் தின்கிறவள், மீன்கார அந்தோணியம்மா தெருமுனையில் குரல் கொடுத்ததுமே அடுக்களை ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தாள். நானே முந்திக்கொண்டு வாசலுக்குப் போய் அந்தோணியம்மாவை அங்கேயே மறித்தேன்.

"என்ன டீச்சர், ஒரு வாரமா கைய விரிக்கீங்க? சீலா எப்படிக் கெடக்கு பாருங்க."

"வேண்டாம்ளா. எனக்குக் கொலஸ்ட்ரால் ஏறிக் கெடக்கு. டாக்டர் மீன் வேண்டாம்னுட்டாரு."

"கறி வேண்டாம்னு சொல்லுத டாக்டர் உண்டு. மீனு வேண்டாம்னு சொல்லுத டாக்டர எங்க போயி புடிச்சீங்க? வீட்ல யாரும் முழுகாம இருக்காளா?"

"உன் வாய வச்சிக்கிட்டுப் பேசாமப் போ."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். தெருவில் மீன் விற்கிறவளுக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. மாமியார்க்காரிக்கு மட்டும் தெரியக் கூடாதாம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன். பியூலா படுக்கையறையில் உன்னோடு பேசிக்கொண்டிருந்தாள். சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். உன் குரல் வரவேற்பறை வரைக்கும் வந்தது. "அம்மாகிட்ட இப்பச் சொல்லிராத பியூலா. போன தடவ மாதிரி கோயில்ல வாசிக்க வச்சிருவாங்க." அவள் ஏதோ சொன்னாள், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான் துணிக்கூடையோடு திரும்பி மாடிக்கு ஏறினேன். காய்ந்த துணியையெல்லாம் ஒவ்வொன்றாக மறுபடியும் கொடியில் போட்டு க்ளிப் மாட்டினேன். துறைமுகத்துப் பக்கம் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. உன் அப்பா ஷிப்ட் முடிந்து வருகிற நேரம் அது. அவர் போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அந்த நேரத்துக்கு என் கண் தெருமுனைக்குப் போகிறது. அவர் இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன், "பாருங்க உங்க மகன, என்ன நம்ப மாட்டேங்கான்" என்று. அவர் உன் பக்கம்தான் பேசியிருப்பார். பரவாயில்லை, எதிர்க்கட்சியாகவாவது ஒரு ஆள் இருந்திருப்பார்.

போன தடவை நடந்ததைப் பற்றி நீயும் நானும் ஒரு நாளும் பேசியதில்லை. இப்போது பேசிவிடுவோம். இரண்டு வருஷம் முன்னால், வீட்டிலேயே பார்க்கிற கிட்டில் இரண்டு கோடு விழுந்த அன்றைக்கு, நீ கப்பலிலிருந்து கூப்பிட்டு, "அம்மா, கோயில்ல ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுருங்க" என்றாய். நான் பிறந்த ஊரான நாசரேத்தில் உன் தாத்தா காலத்திலிருந்தே நம் வீட்டில் நல்லது எது நடந்தாலும் அடுத்த ஞாயிறு காணிக்கைக் கவர் போய்விடும். வேலை கிடைத்தால் போடுவோம், காய்ச்சல் விட்டால் போடுவோம், வீட்டுக்குத் தளம் போட்டால் போடுவோம். அதே பழக்கத்தில் கவரில் காரணத்தைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். போதகர் ஐயர் பிரசங்கத்துக்கு முன்னால் வரிசையாக வாசித்தார். புது பைக் வாங்கியதற்காக ஒரு குடும்பம், கிட்னிக் கல் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக ஒரு குடும்பம், நடுவில் மருமகள் பியூலாவின் கர்ப்பத்தின் கனிக்காக நம் குடும்பம். சபை முழுக்கத் தலையைத் திருப்பிப் பார்த்தது. பியூலா சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். அங்கே மூடுவதற்கு அப்போது ஒன்றுமே இல்லை. நான் பெருமையில் முன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதம் தொடங்குவதற்குள் அந்தக் கரு போய்விட்டது. உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. நன்றி சொல்லத்தான் கவர் இருக்கிறது. நிற்கவில்லை என்று எழுதிப் போட ஒரு கவர் கிடையாது. ஐயர் வாசித்ததை யாரும் திருப்பி வாசிக்கவில்லை. அதனால் சபைக்கு அவள் கர்ப்பிணியாகவே இருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் கோயில் வாசலில் யாராவது ஒருத்தி, "இப்ப எத்தனாவது மாசம்மா?" என்பாள். ஒருத்தி மாங்காய் ஊறுகாய் போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். எல்லாரும் நல்லவர்கள்தான், பிரியத்தில் கேட்டவர்கள்தான். "இல்லக்கா, அது நிக்கல" என்று அவள் ஒவ்வொருத்தரிடமாகச் சொன்னாள். கேட்டவர்கள் அய்யோ என்று நெஞ்சில் கை வைப்பார்கள், அவர்களை அவள் சமாதானம் செய்வாள். எழுதச் சொன்னது நீ, எழுதியது நான், வாசித்தது ஐயர். பதில் சொன்னது மட்டும் அவள் ஒருத்தி. அதற்கு அப்புறம்தான் அவள் விடிகாலை ஆராதனைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாள். நான் வழக்கம்போல எட்டரை மணி ஆராதனைக்குப் போனேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் இரண்டு ஆட்டோவில் ஒரே கோயிலுக்குப் போனோம்.

அதனால் நீ "சொல்லாதே" என்றதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்லாமல் இருப்பதும் சும்மா கிடைக்காது, அதையும் கேட்டுக்கொள். நீ வயிற்றில் இருந்தபோது என் அம்மா எனக்கு நாசரேத்திலிருந்து ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள், மூன்று மாதம் வாயைத் திறக்காதே என்று. நான் திறக்கவில்லை. அப்போது நாங்கள் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு மாறி மாறி ஷிப்ட். எனக்குப் புதுப் பள்ளிக்கூடம், ஒரு டீச்சரையும் சரியாகத் தெரியாது. தலை சுற்றும், மார் வலிக்கும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் போக வேண்டும், காரணமே இல்லாமல் அழுகை வரும். இதெல்லாம் எல்லாருக்கும் வருமா எனக்கு மட்டும்தானா என்று கேட்க ஆள் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பேசினேன், வேறு யாரோடும் பேசவில்லை.

அந்தப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி வைத்த சிலேட்டுக்குச்சிகளை ஒன்றொன்றாகத் தின்ன ஆரம்பித்தேன். சிரிக்காதே. அந்த வாசனை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு நாள் உன் அப்பா பஸ் டிக்கெட்டைத் தேடி என் கைப்பையைக் கவிழ்த்தார். குச்சியாகக் கொட்டியது, பாதி கடித்ததும் முழுசும். மனிதர் எழுந்து செருப்பை மாட்டினார். வெளியே போனார். கடையில் ஒரு பெட்டி புதுக்குச்சி வாங்கிக்கொண்டு வந்தார். "பிள்ளைங்க எச்சில் பண்ணுனத ஏன் திங்க? இது சுத்தமா இருக்கு" என்றார். நான் சிரித்துச் சிரித்து அழுதேன். பிறகு டாக்டரம்மா அவரையும் என்னையும் சேர்த்துத் திட்டிவிட்டு, அதை நிறுத்தச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். உன் கையெழுத்து இவ்வளவு அழகாக இருப்பதற்கு அந்தக் குச்சிதான் காரணம் என்று அப்பா எல்லாரிடமும் சொல்வார். கணக்குக்கு அது வேலை செய்யவில்லை என்று நான் சொல்வேன். அந்தப் பெட்டி என் கைக்கு வந்த அன்றைக்குத்தான் முதல்முறையாக, இந்த வயிற்றுக்கு நான் மட்டும் ஆள் இல்லை என்று இருந்தது. அதை நீ நினைவில் வைத்துக்கொள்.

ஏனென்றால் உனக்கு இந்த வாரங்கள் போன் திரையில்தான் தெரிகின்றன. அதில் அவள் தலைவாரி, லைட் விழுகிற பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள். நீ போனை வைத்த பிறகு என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிவிடுகிறாள். சோம்பல் இல்லை அது. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே வேலை நடக்கிறது. காலையில் மட்டும்தான் வாந்தி வரும் என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், மசக்கைக்கு மணி பார்க்கத் தெரியாது. காய்ந்த ரொட்டியோ இரண்டு பொரிகடலையோ படுக்கையிலேயே வாயில் போட்டுக்கொண்டு எழுந்தால் கொஞ்சம் அடங்கும். நேற்றுக் கேட்டு வாங்கித் தின்றதை இன்றைக்குத் தூரப் போடுவாள். உன் மேல் எரிந்து விழுவாள், அடுத்த நிமிஷம் அழுவாள். நீ ஆராய்ச்சி செய்யாதே, கேட்டுக்கொண்டு இரு. போனில் வருகிற கட்டுரைகளையெல்லாம் அவளுக்கு அனுப்பாதே. அதில் குழந்தை இந்த வாரம் ஏதோ வெளிநாட்டுப் பழம் அளவு என்று போட்டிருக்கிறதாம். உளுந்து அளவு என்று வைத்துக்கொள், போதும். டாக்டர் கொடுத்த ஃபோலிக் ஆசிட் மாத்திரையைப் போட்டாளா என்று தினமும் ஒரு தடவை கேள், நாலு தடவை கேட்காதே. லேசாகக் கறை பட்டாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தம் நிறையப் போனாலோ, வயிறு தாங்க முடியாமல் வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ உன் போனுக்குக் காத்திருக்க மாட்டோம், நேரே ஆஸ்பத்திரிதான். அப்போது போன் எடுக்கவில்லை என்று கோபிக்காதே.

இன்னொன்று. போன தடவை நடந்ததற்கு இன்னும் அவள் தான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சாத்தான்குளத்திலிருந்து வந்த அவளுடைய சித்தி, ஸ்கூட்டியில் ஸ்பீட் பிரேக்கர் மேல் ஏறி இறங்கியதால்தான் என்றாள். வேறு ஒருத்தி பப்பாளி என்றாள். டாக்டர் தெளிவாகச் சொன்னார்கள், இவ்வளவு சீக்கிரம் போகிறதென்றால் பெரும்பாலும் கரு உருவாகும்போதே சரியாக உருவாகவில்லை என்றுதான் அர்த்தம், நீ செய்ததாலும் இல்லை செய்யாததாலும் இல்லை என்று. அவள் தலையை ஆட்டினாள். ஆனால் இந்தத் தடவை நாள் தள்ளியதுமே ஸ்கூட்டிக்கு உறை போட்டு மூடிவிட்டாள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக ஒரு மாதமாக ஓடியோடி ஏற்பாடு செய்தவள், கடைசி நாளில் பஸ் குலுங்கும் என்று பயந்து வேறு டீச்சரை அனுப்பிவிட்டு வீட்டில் படுத்திருந்தாள். என்னிடம் தலைவலி என்றாள். நான் தைலம் எடுத்துக் கொடுத்தேன். நீ அவளிடம் உன் வாயால் சொல்ல வேண்டும், "உன்னால் இல்லை" என்று. டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. நீ சொன்னால்தான் உள்ளே போகும்.

இப்போது அவள் சொல்லாததற்கு வருகிறேன். ஸ்கேன் அடுத்த வாரம்தான் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அது முந்தாநாளே முடிந்துவிட்டது. என்னிடம் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்டோ வந்து நின்றது, இறங்கினாள், ஆட்டோ போய்விட்டது. அவள் உள்ளே வரவில்லை. கேட்டின் கொண்டியைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். திறக்கத் தெரியாதவள் மாதிரி அதையே தடவிக்கொண்டு நின்றாள். எதிர் வீட்டு அண்ணாச்சி, "என்னம்மா, கேட்டு மாட்டிக்கிட்டா?" என்று கேட்ட பிறகுதான் திறந்து வந்தாள். "தாள் நிறைய இருந்துச்சா?" என்றேன். "ஆமா அத்தை" என்றாள். அவ்வளவுதான் பேசினோம். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் அறைக்கு அவள் போனாள், என் அறைக்கு நான் போனேன். இந்த வீட்டில் எத்தனையோ நாள் தனியாக இருந்திருக்கிறேன். பக்கத்து அறையில் ஆள் இருக்கும்போது தனியாக இருந்தது அன்றைக்குத்தான் தாங்க முடியவில்லை.

நேற்றுக் காலையில் அவள் எழுந்த சத்தம் கேட்டதும் நான் வழக்கம்போல மிக்ஸியைப் போட்டேன். ஓடிக்கொண்டே இருந்தது. குழாய்ச் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அடுக்களை வாசலில் நிற்கிறாள், தலை கலைந்து, முகம் வீங்கி.

"அத்தை, மிக்ஸிய நிறுத்துங்க."

"சட்னிக்கு…" என்றேன்.

"உள்ள ஒண்ணும் இல்ல. வெறும் ஜார் ஓடுத சத்தம் தெரியாதா அத்தை? மொத நாளே தெரியும்."

நிறுத்தினேன். அவள் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். நானும் மூட்டு வலியைப் பார்க்காமல் உட்கார்ந்தேன்.

"நேத்து ஸ்கேனுக்குத்தான் போனேன். பை தெரியுதுங்காங்க. துடிப்பு தெரியல. நாளு கணக்கு முன்ன பின்ன இருக்கலாம், பத்து நாள் கழிச்சு வாங்கன்னு சொல்லுதாங்க. அப்பத் தெரிஞ்சாலும் தெரியுமாம். தெரியாமலும் போவுமாம்."

கிறுக்கு மாதிரி, "எங்கிட்ட எதுக்குளா சொல்லுத? அவன்தான் சொல்லாதன்னானே" என்றேன். சொன்ன பிறகுதான், ஒட்டுக் கேட்டதை நானே உளறிவிட்டேன் என்று உறைத்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"சொல்லாமலே இருந்து, இதுவும் போயிட்டா, நான் யார்ட்டப் போயி அழ?" என்றாள். "போன தடவ ஊரு பூராத் தெரிஞ்சிருந்துச்சு அத்தை. ஆனா சேந்து அழ ஒரு ஆளு இல்ல. நீங்க உங்க ரூம்ல அழுதீங்க. நான் என் ரூம்ல அழுதேன். அவங்க கப்பல்ல அழுதாங்களான்னு எனக்கு இன்னும் தெரியாது."

மகனே, அவள் தலையை என் மடிக்கு இழுத்துக்கொண்டேன். ஓங்கரிப்பு வந்தது, அங்கேயே ஒரு கிண்ணத்தை எடுத்துப் பிடித்தேன், அடக்காமல் எடுத்தாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். எதற்கு என்று கேட்டால், போன தடவைக்கும் சேர்த்துத்தான். இட்லிச் சட்டி அடுப்பில் தண்ணீர் வற்றித் தீய்ந்து போனது. நேற்று இரண்டு பேரும் காலைக்கு ரஸ்க்கைக் காபியில் முக்கித் தின்றோம். அவள் மூன்று தின்றாள், மூன்றும் வயிற்றில் நின்றது. கொஞ்சம் கழித்து, "அத்தை, நாளைக்காவது சட்னி உண்டா?" என்று கேட்டாள். இன்றைக்கு அரைத்தேன், உண்மையான சட்னி.

இந்த ஞாயிறு நான் எட்டரை மணிக்குப் போகப் போவதில்லை. விடிகாலை ஆராதனைக்கு அவளோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்காரப் போகிறேன். கவர் கிடையாது. வேண்டுவதை மனதுக்குள் வேண்டிக்கொள்கிறோம், அங்கிருந்தும் ஆண்டவருக்குக் கேட்கும். அடுத்த ஸ்கேனுக்கு நான்தான் கூடப் போகிறேன். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. நல்லதாகவே வரும் என்று எழுதி உன்னை ஏமாற்றமாட்டேன். வந்தாலும் வராவிட்டாலும் இந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே அறையில் இருப்போம், அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

அதனால் மூன்று பேரில் இப்போது தனியாக இருப்பவன் நீதான். நேற்றிலிருந்து எனக்கு அந்த நினைப்பாகவே இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் அடக்கம் முடிந்த அன்றைக்குச் செய்த மாதிரி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் ஏதாவது ஒரு மோட்டாரைக் கழற்றி மறுபடியும் பூட்டிக்கொண்டு இருப்பாய். வேண்டாம். உங்கள் கப்பலில் சமையல் செய்கிற மங்களூர்க்காரர் ஒருவர் உனக்கென்று மீன் வறுத்து எடுத்து வைப்பார் என்று சொல்வாயே, அவரிடம் போ. கப்பல் முழுக்கச் சொல்லாதே, அவர் ஒருவரிடம் சொல். என் மனைவி இப்படி இருக்கிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல். அவருக்கும் பிள்ளைகள் இருக்கும். இல்லாவிட்டாலும் கேட்பார்.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே உன்னைக் கூப்பிடுவோம். நல்ல செய்தியோ, இல்லையோ, அந்தப் போனை எடுக்கும்போது நீ தனியாக நிற்காதே. உன் பக்கத்தில் அந்த மனுஷன் நிற்கட்டும்.

அம்மா